காடு கற்ற கைதி: றொபேட் நொக்ஸ்

இந்த ஆண்டு மலருக்கு ஒருவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கள் என்று தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அறிஞர்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் சென்ற மலர்களில் நிறையவே வந்துவிட்டது. அதனால் புலவரும் அல்லாத, ஞானியும் அல்லாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு கப்பற்காரர். எங்கள் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தவர். வடக்கின் பெருங்காட்டைத் துப்பாக்கி இல்லாமல் கடந்து உயிர் தப்பியவர். அவர் பெயர் றொபேட் நொக்ஸ்.

இவரை நான் தெரிவு செய்ததற்கு என் ஊரும் ஒரு காரணம். நான் பிறந்தது வட்டுக்கோட்டையில். போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயமும், 1823இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரியும் எங்கள் ஊரின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுசென்றன. அதற்கு முன்னரே, 1672இல், ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் அச்சிட்ட இலங்கை பற்றிய நூலில் வட்டுக்கோட்டையின் பெயர் வந்துவிட்டது. பல்தேயஸ் யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளில் சுற்றிவந்த அதே காலத்தில், வன்னிக் காட்டுக்கு அப்பால், கண்டி இராச்சியத்தில் இருந்து வெளியேற வழி தெரியாமல் ஓர் இளைஞர் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். வெளியேறினால் போய்ச் சேரவேண்டிய இடம் ஒல்லாந்தரின் கரையோரம் என்பது அவருக்குத் தெரியும். இடையில் இருந்தது காடு. அவர் வாழ்வின் பெரும்பகுதி அந்தக் காட்டைக் கடக்க ஆயத்தம் செய்வதிலேயே கழிந்தது.

புளியமரத்தடியில்

நொக்ஸ் 1641 பெப்ரவரி 8ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். அவர் கப்பற் தலைவர். மகனுக்குப் பதினாறு பதினேழு வயதாக இருக்கும்போது ‘ஆன்’ என்ற கப்பலில் தந்தையும் மகனும் கிழக்குத் திசைக்குப் புறப்பட்டார்கள். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கரையில் அடித்த புயலில் கப்பலின் பாய்மரம் முறிந்தது. புது மரம் வெட்டிப் பொருத்துவதற்கும், கிடைத்தால் கொஞ்சம் வியாபாரம் செய்வதற்கும் அவர்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். இன்று மூதூர் என்று நாம் அழைக்கும் இடம்தான் அது. உங்களில் மூதூரில் உறவினர் உள்ளவர்கள் அந்தப் புளியமரத்தின் கதையைக் கேட்டிருப்பீர்கள்.

அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்து, பிறகு அந்த ஒல்லாந்தராலேயே கரையோரத்தை இழந்தவன். கடல்வழியே வரும் எந்த வெள்ளையனையும் அவன் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில் வியப்பில்லை. கப்பல்காரரோ மன்னனுக்குக் கடிதமும் அனுப்பவில்லை, கையுறையும் அனுப்பவில்லை. மன்னனின் படைத்தலைவன் ஆட்களோடு கரைக்கு வந்து அவர்களை நட்பாக அழைத்தான். புளியமரத்தடியில் அமர்ந்திருந்த தந்தை நொக்ஸ் சுற்றிவளைக்கப்பட்டார். 1660 ஏப்ரலில் நடந்தது இது. எல்லோருமாகப் பதினாறு பேர் பிடிபட்டனர்.

கரையில் பிடிபட்டவர்களைவிடப் படைத்தலைவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது கடலில் நின்ற கப்பல். பீரங்கிகள் அதில்தான் இருந்தன. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி சொல்லச் சொன்னான். தந்தை சாதுரியமாக, தான் கைதியாகிவிட்டதால் கப்பலில் உள்ளவர்கள் தன் சொல்லைக் கேட்கமாட்டார்கள் என்று கூறி, மகனைத் தூது அனுப்ப அனுமதி பெற்றார். கப்பலுக்குப் போன மகன், தந்தையின் இரகசியக் கட்டளைப்படி, விழிப்பாக இருந்து கப்பலோடு தப்பிப் போகும்படி மாலுமிகளிடம் சொன்னார். அந்தக் கப்பலிலேயே அவரும் தப்பியிருக்கலாம். திரும்பி வருவேன் என்று தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் கரைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பீரங்கிகளோடு கப்பல் போய்விட்டது. ஆயுதம் எதுவும் இல்லாமல் எஞ்சியவர்களின் வாழ்க்கை அன்று தொடங்கியது.

தந்தையின் மரணம்

கண்டி மன்னன் இவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்துக் குடியமர்த்தினான். உணவு கொடுப்பது ஊரவர் கடமை. ஊர் எல்லையைத் தாண்டாதிருப்பது கைதியின் கடமை. கணவாய்கள்தோறும் முட்கடவைகள் இருந்தன, காவல் இருந்தது. அவற்றுக்கு அப்பால் காடே மதிலாக நின்றது.

தந்தையும் மகனும் இன்றைய குருநாகல் மாவட்டத்துப் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் விடப்பட்டார்கள். மலைக்காய்ச்சல் இருவரையும் பிடித்தது. பல மாதம் நோயில் கிடந்த தந்தை 1661 பெப்ரவரி 9ஆம் திகதி இறந்தார். மகனும் காய்ச்சலில் எழும்ப முடியாமல் இருந்தார். உடனிருந்தவன் ஒரு பணியாட் சிறுவன் மட்டுமே. ஊரவரிடம் உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிற்றைக் கொடுத்து உடலைக் காட்டுக்குள் இழுத்துப் போகச் சொன்னார்களாம். மகனுக்கு மனம் ஒப்பவில்லை. கூலிக்கு ஆள் பிடித்துக் குழி தோண்டுவித்துத் தந்தையை முறைப்படி அடக்கம் செய்தார். பிரேதத்தை மரியாதையோடு மண்ணுக்கு ஒப்படைப்பதை வாழ்வோரின் கடமையாகக் கருதும் நாம், இருபது வயது நிரம்பிய ஒரு பிள்ளையின் அந்த நாளை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தனிமையில் அவருக்கு ஆறுதலாக இருந்தவை இரண்டு சமய நூல்கள். வாசித்து வாசித்து அவை மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் அவ்வழியே வந்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தன் கைக்கு வந்த புத்தகம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தால் அது ஆங்கில வேதாகமம். கையில் இருந்த பணம் முழுவதையும் கொடுக்கத் தயாரானார் நொக்ஸ். ஆனால் அவ்வளவு ஆசை காட்டினால் விலை ஏறும், சந்தேகமும் எழும் என்று சிறுவன் எச்சரித்தான். முடிவில் ஒரு பின்னல் தொப்பிக்கு அந்தப் புத்தகம் கைமாறியது. மதம் எதுவாக இருந்தாலும், வேற்றுநாட்டில் தன் வேதத்தைக் கண்டெடுத்தவரின் மகிழ்ச்சி நமக்குப் புரியாததல்ல.

தொப்பியும் நெல்லும்

ஆண்டுகள் ஓடின. உடனிருந்தோரில் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பமாகிவிட்டார்கள். நொக்ஸ் மணம் செய்யவில்லை. குடும்பம் ஏற்பட்டால் கால் கட்டப்பட்டுவிடும் என்று அவர் எண்ணினார். தொப்பி பின்னினார், பன்றியும் கோழியும் வளர்த்தார், நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் ஒன்றரை மடங்காகத் திரும்பப் பெற்றார். அந்த வட்டி வியாபாரம் நமக்கு உவப்பானதல்ல. ஆனால் தன் கதையில் அதை அவர் மறைக்கவில்லை. பின்னர் கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்ற ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார்.

அவர் கூர்மையாகக் கவனித்தவர். உழவு, களம், பனையோலை, பாம்பு, அட்டை, திருமணம், சாவு, சட்டம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அக்காலத்து முஸ்லிம்களைப் பற்றியும் குறிப்பு வைத்திருக்கிறார். கண்டியில் இருந்த பள்ளிவாசலுக்காக ஒவ்வொரு காணிக்காரரும் ஒரு பணம் கொடுக்கவேண்டும் என்று முன்னைய மன்னர் ஒருவர் அளித்திருந்த உரிமையின்படி, முஸ்லிம்கள் வீடு வீடாகச் சென்று அதைப் பெற்றுக்கொண்டார்கள் என்றும், ஊரவர் மனமுவந்து கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பௌத்த மன்னன் ஒருவன் பள்ளிவாசலுக்கு விட்ட மானியத்தைக் கிறிஸ்தவக் கைதி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வரலாற்று வகுப்பில் இதை நான் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆயத்தம்

நொக்ஸின் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு சேர்ந்து அவர் ஊர் ஊராகப் போகும் சிறு வியாபாரியானார். தொப்பி, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று மலைநாட்டில் கிடைப்பதைத் தோளில் சுமந்து வடக்கே இறங்கினார்கள். சாமான் விற்பது வெளித்தோற்றம். பாதை படிப்பதே உள்நோக்கம். எந்த ஊருக்குப் பிறகு ஊர் இல்லை, எங்கே காவல், எங்கே தண்ணீர் என்று ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்தார்கள். வடக்கை ஏன் தெரிந்தார்கள்? அங்கேதான் குடிகள் குறைவு. காடு பயங்கரமானது என்பதால் காவலும் அங்கே தளர்வாக இருந்தது.

ஓரிரு தடவையில் காரியம் முடிந்துவிடவில்லை. எட்டு ஒன்பது ஆண்டுகள் இப்படிப் போய்ப் போய்த் திரும்பினார்கள். காய்ச்சல் திருப்பி அனுப்பியது. மூன்று நான்கு வருடம் மழை பொய்த்து, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஏமாற்றம் காட்டாமல் வீடு திரும்பி, மறுபடியும் தொப்பி பின்ன உட்கார்ந்தார்கள்.

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி கடைசித் தடவையாகப் புறப்பட்டார்கள். வழியில் கலாவெவைப் பக்கத்து அதிகாரி ஒருவனுடைய ஊருக்குள் வந்துவிட்டார்கள். பின்வாங்கினால் சந்தேகம். எனவே நேரே அவனிடமே போனார்கள். மான் இறைச்சி வற்றல் வாங்க வந்தோம் என்றார்கள். மழையில்லாததால் வேட்டை குறைவு என்றான் அவன். உடனே நொக்ஸ் நாலைந்து வேட்டுக்குப் போதுமான வெடிமருந்தை எடுத்து அவனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, மான் சுட உதவும் என்றார். அங்கே வெடிமருந்து அரிய பொருள். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

இந்த இடத்தைச் சற்று நின்று யோசியுங்கள். துப்பாக்கி இல்லாதவர் வெடிமருந்தைச் சுமந்து போனார். அது எந்த உயிரையும் அவருக்காக எடுக்கவில்லை. அடுத்தவன் கையில் கொடுக்கப்பட்டபோது ஒரு வாசலைத் திறந்தது. எதை எப்போது பிடித்துவைத்திருப்பது, எதை எப்போது கையைவிட்டு விடுவது என்று அறிவதும் ஆயத்தத்தில் ஒரு பகுதி.

அநுராதபுரத்தில் மூன்று நாள் தங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பெருவழியில் காவல் கடுமை என்று கண்டு, அதைக் கைவிட்டு, நாம் அருவி ஆறு என்று சொல்லும் மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக் கடலுக்கு இறங்குவது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் மூட்டையில் இருந்தவற்றை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுண்டு. பத்து நாளைக்கு அரிசி, அதை ஆக்க ஒரு சட்டி, தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை, படுக்கும்போது கூடாரமாக விரிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை, கருப்பட்டி, வற்றல் இறைச்சி, வெற்றிலை, முள்ளுக்குத் தப்பச் செருப்புத் தைக்க மான்தோல். தீமூட்டும் கருவி ஒன்று பழுதானாலும் மற்றது உதவட்டும் என்று இரண்டு மூன்று வைத்திருந்தார்கள். ஆயுதம் என்று சொன்னால் நீண்ட தடியில் கட்டிய சிறு கோடரி ஒன்றும் இடுப்பில் கத்தியும்தான் ஆளுக்கு இருந்தன.

காட்டில் ஆறு நாள்

ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, நிலவு வெளிச்சத்தில் காட்டுக்குள் இறங்கினார்கள். முதலில் வழிமறித்தது ஒரு யானை. சத்தமிட்டும் அது அசையவில்லை. தீ மூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆற்றங்கரை வளைந்து வளைந்து போனது. குறுக்கே போனால் வழி தவறும். வளைவோடு போனால் தூரம் கூடும். ஆற்றை விடாமல் வளைவோடே போனார்கள். முள் கிழித்துக் கால்கள் புண்ணாகின. ஆற்றில் முதலை, கரையில் கரடி, சிறுத்தை. ஆயினும் அவர்கள் மிகவும் பயந்தது மனிதக் குரலுக்குத்தான். ஆட்கள் வரும் அரவம் கேட்டபோது ஒரு மரப்பொந்துக்குள் நுழைந்து, சேற்றிலும் ஈரத்திலும் மணிக்கணக்காக மூச்சடக்கி இருந்தார்கள்.

பிறகு காடு மாறியது. சிங்கள மன்னனின் எல்லை முடிந்து வன்னியரின் தமிழ் நிலம் வந்தது. அங்கே பிடிபட்டால் திருப்பி ஒப்படைக்கப்படலாம் என்ற அச்சம். மரநிழலில் படுத்திருந்த பிராமணர் இருவரை எதிர்பாராமல் சந்தித்தார்கள். அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. இரக்கப்பட்டு வழி சொன்னார்கள். நொக்ஸும் தம்மிடம் இருந்ததில் சிலவற்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்தார்.

ஒக்டோபர் 18, சனிக்கிழமை, காடு முடிந்து வெளி தெரிந்தது. எதிர்ப்பட்ட ஒருவரிடம் இது யாருடைய நாடு என்று கேட்டார்கள். ஒல்லாந்தருடையது என்றார். பிற்பகல் நாலு மணியளவில் அரிப்புக் கோட்டை வாசலை அடைந்தார்கள். பிடிபட்ட நாளில் இருந்து பத்தொன்பது வருடமும் ஆறு மாதமும் கடந்திருந்தன. மன்னார் தீவுக்கும் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் போய், 1680 செப்டெம்பரில் நொக்ஸ் இங்கிலாந்து சேர்ந்தார். பயணத்தின்போதே எழுதத் தொடங்கிய நூல் 1681இல் அச்சானது. அக்கால விஞ்ஞானி றொபேட் ஹூக் அதை வெளியிட உதவினார். அந்தக் காலத்துக் கண்டி நாட்டு மக்களின் அன்றாட வாழ்வை அறிய இன்றும் அதற்கு இணையான நூல் அரிது. 1719இல் டானியல் டீபோ எழுதிய றொபின்சன் குரூசோவுக்கு நொக்ஸின் கதை தூண்டுதலாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

மறைக்கக்கூடாத பக்கம்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் நல்லதை மட்டும் எழுதி முடிப்பது வழக்கம். நொக்ஸ் விடயத்தில் அது நேர்மையாகாது. நாடு திரும்பிய அவரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு கப்பலுக்குத் தலைவராக்கியது. அந்தக் கப்பலில் அவர் மடகஸ்கார் தீவுக்குப் போய் அடிமைகளை வாங்கி, சென் ஹெலனா தீவுக்கு ஏற்றிச் சென்றார். இருபது ஆண்டு கைதியாக இருந்தவர், மற்றவர்களைக் கைதியாக்கும் வியாபாரத்தில் கை வைத்தார். துன்பம் எல்லோரையும் இளக வைக்கும் என்று நாம் நம்புகிறோம். அது தானாக நடப்பதில்லை என்பதற்கு இவரே சான்று. 1720 ஜூன் 19ஆம் திகதி, எழுபத்தொன்பதாவது வயதில், மணமாகாதவராகவே அவர் காலமானார். தன் நூலின் பிரதியில் இறுதிக்காலம்வரை புதிய குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

நமக்கு என்ன?

1990 ஒக்டோபர் 30இல், தமிழ் ஆயுத இயக்கத்தின் உத்தரவால், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் உம்மாமாரும் உம்மும்மாமாரும் வன்னிக் காட்டு வழியே நடந்தவர்கள். என் மொழி பேசியவர்களின் துப்பாக்கிகள் அதைச் செய்தன என்பதை, வட்டுக்கோட்டைத் தமிழ்ப் பெண்ணாகிய நான் இந்த மலரில் எழுதாமல் விடமுடியாது. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 மாலையில், எங்கள் ஊரும் வலிகாமம் முழுவதும் எழும்பியது. அப்போது நான் சிறுமி. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமின்றிச் சனம் நின்றது. மழை வேறு. அம்மா ஒரு பையை மட்டும் மார்போடு அணைத்திருந்தார். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, எங்கள் பள்ளிக்கூட அறிக்கைகள், நெருப்புப்பெட்டி, ஜாம் போத்தல் விளக்கு. அந்தப் பை பல மாதமாகக் கதவோரத்தில் ஆயத்தமாக இருந்தது. பின்னர் வன்னியில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது அந்த அறிக்கைகளால்தான்.

ஆயத்தம் என்றால் போருக்கு மட்டும் அல்ல. 2004 டிசெம்பர் 26ஐ நம் கரையோரம் மறக்கவில்லை. வெள்ளமும் சூறாவளியும் ஆண்டுதோறும் வருகின்றன. ஆகவே இந்த வாழ்க்கையில் இருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரங்களைத் தண்ணீர் புகாத ஓர் உறையில் ஒரே இடத்தில் வையுங்கள். பிரதிகளை வேறோர் வீட்டிலும் வையுங்கள். வெளிச்சத்துக்கு ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். குடிதண்ணீரும், நோயாளி இருந்தால் மருந்தும் முதலில். எந்த வழியால் போவது, பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் சின்னப் பிள்ளைக்கும் பாடமாகட்டும்.

இன்னொன்றும் உண்டு. நொக்ஸ் தான் கண்டதை எழுதினார். அதனால் முந்நூற்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு கைதியின் மூட்டைக்குள் இருந்தது இன்று நமக்குத் தெரிகிறது. 1990இல் உங்கள் உம்மும்மாவின் பைக்குள் என்ன இருந்தது? எதை எடுத்தார், எதை விட்டுவிட்டு வந்தார், எந்த ஊரில் யார் தண்ணீர் கொடுத்தார்? இந்த விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைத் திகதியோடும் ஊர்ப்பெயரோடும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அவற்றில் இருந்தே வாழ்க்கை வரலாறுகள் வரவேண்டும் என்பது என் ஆசை.